கோல்ட் அட்டையுடன் ஜெட்ஸ்டாரில் கொழும்புக்கு: புள்ளிகளை எங்கே செலவழிப்பது?

கொக்குவில் பிள்ளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மெல்பேர்னில் கிளேட்டன் பக்கம் இருக்கிறேன். வேலைக்காக இரண்டு வருடமாக பேர்த்துக்கும் சிட்னிக்கும் மாறி மாறிப் பறந்ததில் குவாண்டாஸின் அடிக்கடி பறப்போர் திட்டத்தில் கோல்ட் தரம் கிடைத்திருக்கிறது. கணக்கில் 112,000 புள்ளிகள் இருக்கின்றன. பாதி பறந்து சேர்ந்தவை, மீதி கடன் அட்டையாலும் வூல்வர்த்ஸ் கடையில் சாமான் வாங்கியதாலும் சேர்ந்தவை.

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் அம்மா தனியாக இருக்கிறார். 73 வயது, முழங்கால் நோவு. ஒரு வழியாக வருகையாளர் விசா வந்துவிட்டது. டிசெம்பர் விடுமுறையில் நான் போய், மூன்று கிழமை அவருடன் இருந்துவிட்டு, ஜனவரியில் கையோடு அழைத்து வருவதாகத் திட்டம். ஏப்ரலில் தம்பி அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடுவான்.

மெல்பேர்னிலிருந்து கொழும்புக்கு ஜெட்ஸ்டார் நேரடியாகப் பறப்பது பெரிய ஆறுதல். ஸ்ரீலங்கனும் நேரடியாகப் போகிறது. ஜெட்ஸ்டார் குவாண்டாஸின் தங்கச்சிதானே, அங்கே போனாலும் கோல்ட் அட்டைக்கு எல்லாம் கிடைக்கும் என்று வேலையிடத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இன்னொருவர் ஒன்றுமே கிடைக்காது என்கிறார். இருவரையும் கேட்டுக் குழம்பிப்போய் இருக்கிறேன்.

என் புள்ளிகளை ஜெட்ஸ்டாரில் பயன்படுத்தலாமா? பயன்படுத்துவது இலாபமா? கோல்ட் தரத்தால் அங்கே பொதி எடை கூடக் கிடைக்குமா? அம்மாவுக்கும் அந்தச் சலுகை போய்ச் சேருமா? இன்னொரு கவலையும் இருக்கிறது. தரத்தைத் தக்கவைக்க எனக்கு இன்னும் 90 ஸ்டேட்டஸ் கிரெடிட் (புள்ளி வேறு, இது தரத்துக்கென்று தனியாக எண்ணும் கணக்கு) வேண்டும், உறுப்பினர் ஆண்டு மார்ச்சில் முடிகிறது. ஜெட்ஸ்டாரில் போனால் அந்த 90 கிடைக்குமா?

தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். அம்மாவின் முதல் விமானப் பயணம் இது. அதைப் பிழையாகச் செய்துவிடக் கூடாது என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.


கரவெட்டியான் பதில்:

தங்கச்சி, முதலில் அம்மாவின் விசாவுக்கு என் மகிழ்ச்சி. நான் மருத்துவமனைக் கருவிகள் பழுதுபார்க்கும் வேலை. பதினொரு வருடமாக இந்த நாட்டின் குறுக்கும் நெடுக்கும் பறக்கிறேன், குவாண்டாஸிலும் ஜெட்ஸ்டாரிலும். ஒவ்வொரு புள்ளியும் எங்கே வந்தது, எங்கே போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் வேலையிடத்தில் இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஜெட்ஸ்டார் முழுக்க முழுக்க குவாண்டாஸ் குழுமத்தின் நிறுவனம்தான். 2004 மே மாதம் பறக்கத் தொடங்கியது. ஆனால் குவாண்டாஸ் சேர்ந்திருக்கும் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனங்களின் கூட்டணியில் அது இல்லை. ஸ்ரீலங்கன் 2014 முதல் அந்தக் கூட்டணியில் இருக்கிறது. உங்கள் கோல்ட் அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், ஒன்வேர்ல்ட் சஃபயர் என்றும் அதில் இருக்கும். குவாண்டாஸ் வீட்டுக்குள் நீங்கள் கோல்ட், கூட்டணியின் மற்ற விமானங்களில் நீங்கள் சஃபயர். ஸ்ரீலங்கன் மதிப்பது இந்தச் சஃபயரை. ஜெட்ஸ்டாருக்குச் சஃபயர் என்றால் ஒன்றும் இல்லை, குவாண்டாஸ் கோல்ட் என்றால் மட்டும் கொஞ்சம் உண்டு. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் உங்கள் கேள்வி.

லவுஞ்ச், அதாவது விமான நிலையத்தில் இருக்கும் ஓய்வறை, உண்டு. ஜெட்ஸ்டாரில் பயணம் செய்தாலும் குவாண்டாஸ் நடத்தும் லவுஞ்சுக்குள் கோல்ட் உறுப்பினர் போகலாம். மெல்பேர்னில் சர்வதேசப் பயணம் எல்லாம் இரண்டாம் முனையத்திலிருந்துதான், குவாண்டாஸ் லவுஞ்சும் அங்கேயே இருக்கிறது. ஆகவே போகும்போது நீங்கள் உட்கார்ந்து ஒரு தேநீர் குடிக்கலாம். ஆனால் கொழும்புக்கான விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் குவாண்டாஸுக்கு லவுஞ்ச் கிடையாது. அங்கே ஸ்ரீலங்கனின் லவுஞ்ச் இருக்கிறது, அதன் கதவு ஒன்வேர்ல்ட் விமானத்தில் பறப்பவருக்குத்தான் திறக்கும். ஜெட்ஸ்டார் சீட்டைக் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள். அம்மாவுடன் நீங்கள் காத்திருக்கப்போவது கட்டுநாயக்காவில், மெல்பேர்னில் அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பொதி, எங்கள் ஆட்களுக்கு உயிர்நாடி. ஸ்ரீலங்கனில் எடைக் கணக்கு. சீட்டில் எழுதியிருக்கும் எடைக்கு மேல் சஃபயருக்கு 15 கிலோ கூடுதலாக உண்டு. ஜெட்ஸ்டாரில் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான் உங்கள் எடை என்று நினைத்துக்கொண்டு போங்கள். கோல்ட் அட்டையை நீட்டி எடை கேட்கலாம் என்று நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். சீட்டு எடுக்கும்போதே எடையையும் வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் போய் வாங்கினால் விலை வேறு மாதிரி இருக்கும். கைப்பொதி இரண்டு பையும் சேர்த்து 7 கிலோதான்.

அம்மாவுக்குச் சலுகை சேருமா என்று கேட்டீர்கள். புள்ளிகள் போய்ச் சேரும், தரம் போய்ச் சேராது. உங்கள் புள்ளிகளால் யார் பெயரிலும் சீட்டு எடுக்கலாம், அவர் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. தரம் உங்கள் உடம்போடு ஒட்டியது. அம்மா தனியாகப் பறந்தால் உங்கள் கோல்ட் அவருக்கு ஒன்றுக்கும் உதவாது. நீங்கள் கூடப் பறந்தால் லவுஞ்சுக்கு ஒரு விருந்தினரை அழைத்துப் போகலாம், அந்த ஒருவர் அம்மாவாக இருக்கட்டும். 15 கிலோவும் உங்கள் பெயரில்தான் வரும், அம்மாவின் சீட்டில் வராது. ஆனால் ஒன்றாக நின்று பெட்டிகளைக் கொடுக்கும்போது ஒரு வீட்டுச் சாமான்தானே.

இனிப் புள்ளிக் கணக்கு. வூல்வர்த்ஸில் சேரும் எவ்ரிடே ரிவார்ட்ஸ் புள்ளிகள் 2,000 ஆனதும் சாமானில் 10 டொலர் கழித்துக்கொள்ளலாம், அல்லது 1,000 குவாண்டாஸ் புள்ளிகளாக மாற்றலாம். அதாவது ஒரு குவாண்டாஸ் புள்ளியை நீங்கள் ஒரு சதம் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். அரிசிக்கும் பருப்புக்கும் கழித்திருக்க வேண்டிய காசு அது. ஆகவே ஒரு சதத்துக்குக் குறைந்த பெறுமதிக்குப் புள்ளியைக் கொடுத்தால் நட்டம். நான் எந்தச் சீட்டைப் பார்த்தாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவேன்.

ஜெட்ஸ்டாரில் புள்ளியைச் செலவழிக்க இரண்டு வழி. ஒன்று கிளாசிக் ரிவார்ட் இருக்கை. தூரத்துக்கு இவ்வளவு புள்ளி என்று அட்டவணை, காசு விலை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. மற்றது காசு விலையில் ஒரு பங்கைப் புள்ளியால் கட்டுவது. இரண்டாவதை நான் பார்த்த ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளிக்கு ஒரு சதம் தேறவில்லை. அதைத் தொடாதீர்கள். முதலாவதும் எப்போதும் இலாபம் அல்ல, மலிவு விமானத்தில் இதுதான் விசேஷம். என் கொப்பியிலிருந்து சொல்கிறேன். மெல்பேர்ன் சிட்னி ஜெட்ஸ்டார் கிளாசிக் ரிவார்ட் அப்போது 5,700 புள்ளிகள். சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் வரி போகச் சீட்டு 45 டொலர். கணக்குப் பார்த்தால் ஒரு புள்ளிக்கு 0.8 சதம் கூட இல்லை. காசைக் கட்டிவிட்டுப் போனேன். அதே வழியில் நத்தார் வாரத்தில் மகனுக்குச் சீட்டுத் தேடினால் வரி போக 200 டொலர், புள்ளி அதே 5,700. ஒரு புள்ளிக்கு மூன்றரைச் சதம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். 2025 ஓகஸ்டில் குவாண்டாஸ் அட்டவணையை உயர்த்திவிட்டது. சிட்னிக்குத் தன் சொந்த விமானத்தில் 8,000 ஆக இருந்தது 9,200 ஆனது. எண்கள் மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறவில்லை. மலிவு விமானத்தில் மலிவான நாளில் காசு, எல்லோரும் பறக்கும் நாளில் புள்ளி. நீங்கள் போவது டிசெம்பரில். உங்களுக்குப் புள்ளிதான்.

புள்ளியில் எடுத்தாலும் கையிலிருந்து கொஞ்சம் காசு போகும். அவுஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடு போகும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் 70 டொலர் புறப்பாட்டு வரி, அது சீட்டிலேயே சேர்ந்து வரும். ஸ்ரீலங்கனில் எடுப்பதாக இருந்தால் கடைசிப் பக்கத்தில் வரும் காசுத் தொகையை வடிவாகப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

ஸ்டேட்டஸ் கிரெடிட் பற்றி. ஜெட்ஸ்டாரின் ஆகக் குறைந்த ஸ்டார்ட்டர் கட்டணத்தில் புள்ளியும் கிரெடிட்டும் பூச்சியம். அதற்கு மேல் காசு கட்டிச் சேர்க்கும் வசதித் தொகுப்புகளில்தான் உண்டு, எதில் எவ்வளவு என்று சீட்டு எடுக்கும் பக்கத்திலேயே போட்டிருக்கும். புள்ளியால் எடுத்த சீட்டுக்கும் கிரெடிட் கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது 90. அதை அம்மாவின் பயணத்தின் தலையில் ஏற்றாதீர்கள். மெல்பேர்னிலிருந்து பேர்த்துக்குக் குவாண்டாஸில் மலிவுக் கட்டணத்தில் ஒரு வழிக்கு 20, சிட்னிக்கு 10. வேலைக்காக இரண்டு தடவை பேர்த் போய் வந்தால் 80, ஒரு தடவை சிட்னி போய் வந்தால் 20. மார்ச்சுக்குள் 100. அலுவலகக் காசில் முடிகிற காரியம்.

கடைசியாக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்யக்கூடியது இது. போகும் வழி நீங்கள் ஒருவர், ஜெட்ஸ்டாரில் புள்ளிக்கு இருக்கை தேடுங்கள். கிழமைக்கு மூன்று விமானம்தான், இருக்கை அரிது, தேதியை இரண்டு மூன்று நாள் முன்பின் தள்ளிப் பாருங்கள். வரும் வழி ஸ்ரீலங்கனில், அம்மாவும் நீங்களும். அதில் அம்மாவின் சீட்டைப் புள்ளியால் எடுங்கள், உங்கள் சீட்டைக் காசுக்கு எடுங்கள். பலர் இதை மாறிச் செய்துவிடுகிறார்கள். புள்ளிச் சீட்டு எதையும் திருப்பிச் சேர்த்துத் தராது, அம்மாவுக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை. காசுச் சீட்டு உங்கள் பெயரில் இருந்தால் உங்களுக்குப் புள்ளியும் வரும், கிரெடிட்டும் வரும். வீட்டிலிருந்து போகும் காசு ஒன்றுதான்.


வெள்ளவத்தை பதில்:

அண்ணா சொன்ன கணக்குச் சரி. ஆனால் நான் வேறு பக்கமாக யோசிக்கிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள். ஐந்து பேர் போகும் வீட்டுக்குக் கோல்ட் அட்டையால் ஒருவருக்குத்தான் எடை கூடும், ஒருவரைத்தான் லவுஞ்சுக்குக் கூட்டிப் போகலாம். மற்ற மூவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட யாருக்கு மனம் வரும்? நாங்கள் போன தடவை ஜெட்ஸ்டாரில் ஸ்டார்ட்டர் கட்டணத்தில் ஐந்து சீட்டு எடுத்து, மூன்று பேருக்கு மட்டும் 30 கிலோ வாங்கினோம். சாப்பாட்டுக்கும் தனிக் காசு என்பதால் இடியப்பப் புட்டு கட்டிக்கொண்டு போனோம். பிள்ளைகள் அதைத்தான் விரும்பிச் சாப்பிட்டார்கள். தரத்தைக் காப்பாற்றவென்று விலை கூடிய சீட்டை எடுக்கும் பழக்கத்தை விட்டு ஏழு வருடம் ஆகிறது, அந்தக் காசில் ஒவ்வொரு முறையும் மாமியின் வீட்டில் ஏதோ ஒரு வேலை முடிகிறது. இந்தத் தடவை கிணற்றுக்கு மோட்டார்.

ஆனால் தங்கச்சியின் கதை வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் நோவுள்ள அம்மாவை அழைத்து வரும்போது எத்தனை நாளுக்கு ஒரு விமானம் என்பதைப் பாருங்கள். கொக்குவிலிலிருந்து வான் பிடித்து ஏ9 வீதியால் கட்டுநாயக்கா வர ஏழெட்டு மணி நேரம். வந்து இறங்கிய பிறகு விமானம் இல்லை என்றால், கிழமைக்கு மூன்று தடவை பறக்கும் விமானத்தில் அடுத்தது நாளை மறுநாள். ஸ்ரீலங்கன் அதைவிட அடிக்கடி பறக்கிறது. வரும் வழிக்கு அண்ணா சொன்னதையே நானும் சொல்வேன், ஆனால் என் காரணம் இதுதான்.

சக்கர நாற்காலியைச் சீட்டு எடுத்த உடனேயே தொலைபேசியில் சொல்லிப் பதிந்துவிடுங்கள். அதற்குக் காசு இல்லை.


பரமட்டா அக்கா பதில்:

பொதி விஷயத்தில் நான் பட்டதைச் சொன்னால் உதவும் என்று எழுதுகிறேன். எந்த விமானம் என்று சொல்லவில்லை, ஒரு மலிவு விமானம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அதன் தாய் நிறுவனத்தின் உயர்ந்த தர அட்டை இருந்தது. ஊரிலிருந்து வரும்போது மாமி கைப்பையில் சாமான் வைத்துத் தந்தார். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் பை, அதற்கு மேல் ரப்பர் பட்டி போட்ட மிளகாய்த்தூள். பனையோலைக் குட்டானில் பனங்கட்டி. ஒரு போத்தல் எள்ளுருண்டை. வாயிலில் நின்ற பெண் பையைத் தராசில் வைக்கச் சொன்னார். 9.4 காட்டியது.

அட்டையை நீட்டினேன். அவர் கணினியில் பார்த்துவிட்டு, இந்தச் சீட்டில் உறுப்பினர் எண்ணே இல்லையே என்றார். நான் சீட்டை வேறொரு முகவர் தளத்தில் எடுத்திருந்தேன், அங்கே எண்ணைப் போட இடமே இருக்கவில்லை. எண் இருந்திருந்தாலும் கைப்பொதி எடைக்கு அது உதவாது என்று பிறகுதான் விளங்கியது. எனக்குப் பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள். பையைத் தரையில் வைத்துத் திறந்தேன். மிளகாய்த்தூளை மேல்சட்டையின் இரண்டு பைகளிலும் வைத்தேன். பனங்கட்டியை விட மனம் வரவில்லை, மாமி அதற்கென்றே பருத்தித்துறை வரை போய் வாங்கி வந்திருந்தார். கடைசியில் காசு கட்டினேன். கட்டிய காசு முழுப் பனங்கட்டியின் விலையைப்போல் எத்தனையோ மடங்கு. விமானத்துக்குள் இருக்கையில் இருந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நான் செய்வது இரண்டு. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில்தான் சீட்டு எடுக்கிறேன், எடுத்தவுடன் உறுப்பினர் எண் ஏறியிருக்கிறதா என்று பதிவைத் திறந்து பார்க்கிறேன். அடுத்தது, வீட்டிலேயே கைத்தராசில் தூக்கிப் பார்த்து 6.5க்கு மேல் போனால் எடுத்து வெளியே வைக்கிறேன்.

உள்நாட்டில் லவுஞ்ச் பற்றியும் ஒன்று. சிட்னியில் ஜெட்ஸ்டார் இரண்டாம் முனையம், குவாண்டாஸ் லவுஞ்ச் மூன்றாம் முனையத்தில். லவுஞ்சில் இருந்துவிட்டு வெளியே வந்து நடந்து, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். மெல்பேர்னிலும் குவாண்டாஸ் ஒரு கோடியில் முதலாம் முனையம், ஜெட்ஸ்டார் மறு கோடியில் நான்காம் முனையம். சலுகை இருக்கிறதுதான், ஒரு மணி நேரமாவது கையில் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.


கொக்குவில் பிள்ளை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கரவெட்டியான் அண்ணா, நீங்கள் எழுதியதை அச்செடுத்துக் குசினி மேசையில் வைத்து இரண்டு இரவு கணக்குப் பார்த்தேன். அக்கா, உங்கள் பனங்கட்டிக் கதையை வாசித்துவிட்டு உடனே கைத்தராசு ஒன்று வாங்கினேன்.

ஒரு சந்தேகம். ஸ்ரீலங்கனில் ஜனவரி இரண்டாம் கிழமை ஒரே ஒரு புள்ளி இருக்கைதான் காட்டுகிறது. அம்மாவுக்கு அதை எடுத்தால், என் காசுச் சீட்டு வேறு பதிவில் இருக்கும். இரண்டு பதிவாக இருந்தால் பக்கத்தில் இருக்கை தருவார்களா? அம்மாவை லவுஞ்சுக்குக் கூட்டிப்போகத் தடை வருமா? ஏப்ரலில் தம்பியுடன் திரும்புவதற்கும் ஏதாவது வழி சொல்லுங்கள். அவனிடம் எந்தத் தரமும் இல்லை.


கரவெட்டியான்:

லவுஞ்சுக்கு ஒரே பதிவாக இருக்க வேண்டியதில்லை. விருந்தினரும் உங்களுடன் அதே விமானத்தில் போகிறார் என்று இருவரின் பயண அட்டையையும் காட்டினால் போதும். இருக்கைக்குத்தான் நீங்கள் ஓட வேண்டும். ஸ்ரீலங்கனை நேரே அழைத்து, இரண்டு பதிவு எண்ணையும் கொடுத்து, தாயும் மகளும், தாய்க்குச் சக்கர நாற்காலி என்று சொல்லுங்கள். ஒன்றையொன்று தொடர்புபடுத்திக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். பேசியவரின் பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள். அம்மாவின் சீட்டை முதலில் எடுங்கள், உறுதி வந்த பிறகு அதே விமானத்தில் உங்களுடையதை எடுங்கள். மாறிச் செய்தால் உங்கள் கையில் காசுச் சீட்டு இருக்கும், புள்ளி இருக்கை போயிருக்கும்.

உங்கள் சீட்டுக்கு எத்தனை கிரெடிட் என்பது கட்டண வகுப்பைப் பொறுத்தது. சீட்டில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். குவாண்டாஸ் தளத்தில் கணக்கிடும் பக்கத்தில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். சில மலிவு வகுப்புகளில் மிகக் குறைவாகவே வரும். குறைந்தாலும் மனம் சோராதீர்கள், பேர்த் இருக்கிறது.

ஏப்ரல் பயணத்துக்குத் தரம் என்ற பேச்சே வேண்டாம். தம்பியும் அம்மாவும் போவது மெல்பேர்னிலிருந்து. வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு நீங்களே கொண்டுபோய் விடலாம், கட்டுநாயக்காவில் அந்தரித்து நிற்பதுபோல் இல்லை. பள்ளி விடுமுறைக்கு வெளியே நாள் பார்த்தால் ஜெட்ஸ்டாரில் காசு விலை இறங்கியிருக்கும். காசுக்கே எடுங்கள், ஆளுக்கு வேண்டிய எடையையும் வாங்குங்கள். அம்மாவின் திரும்பும் சீட்டை இப்போதே எடுத்து வைப்பது நல்லது. ஒரு வழிச் சீட்டோடு வருகையாளர் வந்தால் இங்கே இறங்கும்போது கேள்வி வரலாம், அந்த வயதில் அவரை அங்கே தடுமாற விடக் கூடாது.

மிச்சம் இருக்கும் புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 18 மாதம் கணக்கில் ஒன்றும் சேராமலும் செலவாகாமலும் இருந்தால் எல்லாம் காலாவதியாகிவிடும். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. வேலை மாறிப் பறப்பதை நிறுத்தினால் மட்டும் நினைவில் வையுங்கள், அந்த 18 மாதம் முடியுமுன் வூல்வர்த்ஸிலிருந்து ஒரு தடவை மாற்றினால் கணக்கு உயிரோடு இருக்கும். என் மனைவியின் 40,000 அப்படித்தான் ஒருமுறை போகப் பார்த்தது, நான் ஒன்பது நாள் இருக்கும்போது கண்டுபிடித்தேன்.


கொக்குவில் பிள்ளை:

எல்லாம் எடுத்துவிட்டேன். போகும் வழி ஜெட்ஸ்டாரில் டிசெம்பர் மூன்றாம் கிழமை, புள்ளிக்குக் கிடைத்தது. முதலில் பார்த்த நாளில் இல்லை, இரண்டு நாள் முன்னே தள்ளிய பிறகு ஓர் இருக்கை வந்தது. உறுப்பினர் எண் ஏறியிருக்கிறதா என்று இரண்டு முறை திறந்து பார்த்தேன். வரும் வழி அம்மாவுக்குப் புள்ளி, எனக்குக் காசு. ஸ்ரீலங்கனில் கதைத்த பெண் மிகவும் பொறுமையாக இரண்டு பதிவையும் சேர்த்துக் குறிப்பு எழுதி, நடைபாதை ஓரமாக அம்மாவுக்கும் பக்கத்தில் எனக்கும் இருக்கை போட்டுத் தந்தார். ஏப்ரல் சீட்டு இரண்டும் ஜெட்ஸ்டாரில் காசுக்கு எடுத்தோம். கணக்கில் இன்னும் கொஞ்சம் புள்ளி மிச்சம் இருக்கிறது. பேர்த் பயணம் இரண்டுக்கும் மேலாளரிடம் கேட்டுவிட்டேன்.

இரவு அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன். விமானத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எத்தனை கிலோ கொண்டு வரலாம் என்றுதான் கேட்டார். என்னுடைய 15 கிலோவையும் சேர்த்துச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, அப்படியென்றால் புழுக்கொடியல் இன்னும் ஒரு பாய் காய வைக்கலாம் என்றார்.


பரமட்டா அக்கா:

காய வைக்கட்டும். இறங்கும்போது தருகிற அட்டையில் சாப்பாட்டுச் சாமான் என்ற இடத்தில் ஆம் என்று குறித்து, பெட்டியில் ஒரே பக்கமாக மேலே வையுங்கள். கேட்டால் எடுத்துக் காட்ட வசதியாக இருக்கும். அம்மாவின் அட்டையை நீங்களே நிரப்புங்கள்.